பேக்கரிக்கு ஒரு கோவக்காரன்

சாவகச்சேரி பஸ்ஸில் நித்திரை கொள்ளலாமென்று ஏறினேன். முன் சீட்டுக்காரர்கள் விடவில்லை. ஒருவர் பேக்கரி முதலாளி. மற்றவன், வேலையாட்களில் யார், எப்போது வேலைக்கு என்று முறை போடும் செயலியை விற்கிற பொடியன்.

"ஒராள் லீவெண்டா, உது தானாவே வேறை ஆளைப் போடும் அண்ணை."

"ஒராள் எங்கை தம்பி லீவு எடுக்கிறது? செத்தவீடெண்டா எல்லாரும் போயிடுவினம். என்ரை வேலையாக்கள் மச்சான், சகலன் எண்டு எல்லாம் ஒரே சொந்தம்."

"அப்ப வெளியாள் ஒராளை எடுங்கோவன்."

"வெளியாளை உவை விடமாட்டினம். அதாலை சொந்தத்துக்குள்ளையே, உவையோடை கோவிச்சுக்கொண்டு கதையாமல் இருந்த ஒருத்தனை எடுத்தன். அவன் எந்தச் செத்தவீட்டுக்கும் போகான். அவனை வைச்சுத்தான் இவ்வளவு நாளும் பாண் போட்டனான்."

"பிறகென்ன அண்ணை?"

"போன கிழமை கோவம் தீந்து, எல்லாரும் அவனோடை ராசியாகிட்டினம். அதுதான் உம்மைத் தேடினனான்."