டேலியாவுக்கு ஒரு தடை

தடைன்னா தடைதான் சாமி. அதுல சின்னத் தடை, பெரிய தடைன்னு என்ன இருக்கு? நேத்துப் பூசையில இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிச்சது நீங்கதான? தடை தெரிஞ்சவங்க பங்குச்சாமிகிட்ட வந்து சொல்லணும்னீங்க. வந்துட்டேன். ஐயய்ய, பொண்ணு தங்கமான பொண்ணு, அதைக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிரும். தடை அது பேருல இருக்கு.

ஆக்ஸிலியாவா? அது நீங்க வாசிச்ச பேரு. பூப்பேரு மட்டும் ஆகாது, கூட ஒரு கோயில் பேரும் வேணும்னு ஞானஸ்நானத்தப்ப வச்சது. செண்பகனூர்ல போயி ஆக்ஸிலியா வீடு எதுன்னு கேளுங்க, ஒருத்தனுக்கும் தெரியாது. டேலியா வீடுன்னா நாய்கூட வழிகாட்டும்.

ஆமா, பூவுதான். அர்த்தம் என்னன்னு போனுல பாத்துச் சொல்றாங்க, தால்னு ஒரு வெள்ளக்காரர் பேராம். பூவக் கண்டுபிடிச்சதும் அவரு இல்லையாம், வளத்ததும் இல்லையாம். சும்மா அவரு பேர மாட்டிவிட்டுட்டாங்க. அங்கயே ஆரம்பிச்சிருச்சு பாருங்க களவாணித்தனம்! அந்தத் தாலுக்கு அர்த்தம் பள்ளத்தாக்காம். பெத்த புள்ளைக்கு எவனாவது பள்ளத்தாக்குன்னு பேரு வைப்பானா? சிலுவைராஜ் வச்சான்.

அவன்தான் சாமி, பொண்ணோட அப்பன். நானும் அவனும் ஒரே பங்களாவுல தோட்ட வேலை. அந்த வருசம் மலர்க் கண்காட்சிக்கு நான் ஒரு டேலியா வளத்தேன். கருஞ்செவப்பு, சோத்துத் தட்டு அகலம். ஆலங்கட்டி மழை பெஞ்சப்ப இருந்த ஒரு குடையப் பூவுக்குப் புடிச்சேன். மண்டை வீங்கிப் போச்சு.

எனக்கு எழுத்து வராது, அவன் எட்டாவது. ஏலே, சீட்டுல பேரெழுதித் தொட்டியில கட்டுடான்னேன். எழுதுனான், அவன் பேர! மொதப் பரிசு சிலுவைராஜுன்னதும் நானும் எந்திரிச்சுக் கை தட்டிட்டேன் சாமி, நம்ம கூட்டாளியாச்சேன்னு. அப்புறந்தான் தொட்டியப் பாத்தேன்.

கேட்டா, சீட்டுல ரெண்டு பேரு எழுத எடமில்லங்கிறான். அதைக்கூட மறந்திருப்பேன், சத்தியமா. அந்த வாரமே பொண்ணு பொறந்துச்சு, டேலியான்னு வச்சான் பாருங்க! இருபத்தாறு வருசமா அடுத்த வீட்டுல அவன் பொண்டாட்டி வெள்ளனே கெடந்து கத்துறா, ஏ டேலியா, வெரசா வாடீன்னு. காப்பி எறங்குமா எனக்கு?

அவன்கூடப் பேச்சா? அன்னைக்கு விட்டது. அந்தப் புள்ள மட்டும் மாமான்னு சிரிக்கும். நான் இருமிக்கிட்டே போயிருவேன்.

கல்யாணத்த நிறுத்தச் சொன்னேனா? நல்லாருக்கே! நீங்க ஊருக்குப் புதுசு, வெவரம் தெரியல. இன்னும் ரெண்டு ஞாயித்துக்கெழம ஓலை பாக்கி இருக்குல்ல, அதுல வெறும் ஆக்ஸிலியான்னு வாசிக்காதீங்க. டேலியான்னு சேத்து, நிறுத்தி, சத்தமா வாசிங்க. சிலுவைராஜ் மொத வரிசையிலதான் ஒக்காருவான்.

எதுக்கா? என் டேலியா யாரு வீட்டுக்குப் போகுதுன்னு அவன் காதால கேக்கணும் சாமி. மாப்ள பேருல தப்பில்ல, ஆக்னல்னு சரியாத்தான் வாசிச்சீங்க. என் மகன்தான்.