பன்னிரண்டு திரைகளில் ஒரே சரஸ்வதி

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. காற்றுப் போகும் துளையில் அப்பாமல் இருந்தால் போதும். பத்தாங் காலி டவுனில் எங்கள் சங்கத்தில் ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதில்தான் அப்புவார்கள். அடுத்த வாரம் முழுக்க நான் பல்குத்தும் குச்சியோடு உட்கார்ந்து குங்குமத்தைத் தோண்டிக்கொண்டிருப்பேன். பக்தி அவர்களுடையது, குச்சி என்னுடையது.

அமராவதி மேடம், நீங்கள் அந்த நாற்பத்தொரு குடும்பங்களின் வழக்கறிஞர். "சத்தியசீலன், நடந்ததை விடாமல் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டீர்கள். சங்கத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதனால் சொல்கிறேன்.

தலைவர் சிவானந்தத்துக்கு இந்த வருடம் ஓர் ஆசை வந்தது. கற்பூரம் ஏற்றும்போது பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே சரஸ்வதி படம் எழ வேண்டும், மூலையில் அவர் படமும் இருக்க வேண்டும். சரஸ்வதியைவிடத் தன் படம் கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

ஒரு மெஷினை ஒழுங்காகத் தயார் செய்து, அதை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் ஊற்றுவதுதான் என் வழி. இமேஜ் என்போம். பதினைந்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. சனிக்கிழமை காலை ஒத்திகைக்கு எல்லாரும் கூடியிருந்தபோது குமுதா வந்தாள். ரவாங் தொழிற்சாலை ஒன்றின் ஆபீசில் வேலை. சனி ஞாயிறுகளில், வீடு கேட்டு அந்தக் குடும்பங்கள் போட்ட தோட்டத்து வழக்கின் கோப்புகளைச் சங்கத்தில் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணே, ஏழு பழசு, அஞ்சு புதுசு. உள்ள இருக்கிற டிஸ்க்கு வேற வேறலா. அதுக்கு உள்ள டிரைவர சேர்க்காம ஊத்துனா புதுசு எந்திரிக்காது."

"எந்திரிக்கும்மா. நீ போயி மாலையக் கட்டு," என்றேன்.

எழவில்லை. பழையவற்றில் சரஸ்வதி வந்தாள். ஊற்றிய நான்கு புதியவையும் நீலத் திரையோடு நின்றன. "என்னாப்பா சீலா, பதினஞ்சு வருசமா இதத்தான் செஞ்சியா?" என்றார் தலைவர். உறுமி மேளக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். குமுதா மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன். அவள் என் பக்கத்தில் குனிந்து, எந்த டிரைவர் மென்பொருள் வேண்டும் என்று யார் காதிலும் விழாமல் சொல்லிக்கொடுத்தாள்.

அதைத்தான் சேர்த்தேன். நான்கும் எழுந்தன. யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மீதி இருந்தது ஒன்பதாம் நம்பர், குமுதாவின் மெஷின். அதில் இமேஜே தேவையில்லை. படத்தை மட்டும் மாற்றினால் ஒரு நிமிட வேலை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்றால் அதற்கும் அதே முறைதானே? நான் பாரபட்சம் பார்ப்பவன் இல்லை.

ஒன்பதில் இரண்டு டிஸ்க். சின்னதில் விண்டோஸ், பெரியதில் வழக்குக் கோப்புகள். என் கட்டளை முதல் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு ஊற்றும். மற்ற மெஷின்களில் இருப்பதே ஒன்றுதான். ஒன்பதில் முதலாவதாக எண்ணப்படுவது அந்தப் பெரிய டிஸ்க். இது எனக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். பெட்டியின் முகப்பிலேயே, "முதல் டிஸ்க்கைத் தொடாதீங்க அண்ணே, கேஸ் பைல் இருக்கு" என்று குமுதா காகிதம் ஒட்டியிருந்தாள். அழகான கையெழுத்து. சந்தனம் வைக்க வேறு இடம் இல்லாததால் அதை உரித்து எடுத்துவிட்டேன்.

சாதாரணமாகத் துடைத்தால் கெட்டிக்காரன் எவனாவது மீட்டுவிடுவான். முழுதாகத் துடைக்க மூன்று மணி நேரம் ஆகும். நான் முழுதாகத்தான் துடைத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பழக்கமில்லை. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள்; நானும் கடைக்குப் போய் ஒரு மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வந்தேன். உப்பு கொஞ்சம் கூடுதல்.

வேறொரு டிஸ்க்கில் பிரதி ஒன்று இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று குமுதா அதை என் மேசை இழுப்பறையில்தான் வைத்திருந்தாள். இமேஜ் வைக்க ஒரு டிஸ்க் வேண்டியிருந்தது. காலி டிஸ்க் இரண்டு பக்கத்திலேயே கிடந்தன. நான் அவளுடையதைத்தான் எடுத்து, அழித்துவிட்டு அதில் வைத்தேன்.

என்ன போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி எழுதிய பெயர்ப் பதிவேட்டின் படங்கள் போயின; அசல் புத்தகத்தைக் கரையான் முன்பே தின்றுவிட்டது. எந்த லயத்து வீட்டில் யார் எத்தனை வருடம் இருந்தார்கள் என்று பெரியவர்கள் ஒன்பது பேர் பேசிய வீடியோவும் போயிற்று. அவை இல்லாமல் வீடு கேட்க அந்தக் குடும்பங்களிடம் வேறு சாட்சி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு திரையிலும் சரஸ்வதி எழுந்தாள். கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆயிற்று. குமுதாவும் தட்டினாள். மறுநாள் வேலை முடிந்து வந்து கோப்பைத் தேடிவிட்டு அழுதாள். கவனக்குறைவு என்று செயற்குழு அவளுக்குக் கடிதம் கொடுத்தது. கையெழுத்திட்டவர்களில் நானும் உண்டு. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, மேடம். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் கொடுத்த அன்று மாலை ஐயாவு அண்ணன் வந்தார். வீடியோவில் அதிக நேரம் பேசிய காளியம்மாவின் மகன்.

"சீலா, கேஸு கெடக்கட்டும். எங்கம்மா பேசுனது மட்டுமாச்சும் கெடைக்குமா?"

"ஒம்பதாம் நம்பர் இப்ப நல்லா ஓடுதுண்ணே. அம்மாவக் கூட்டியாங்க, புதுசா எடுத்துருவோம்," என்றேன்.

காளியம்மா பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். எனக்குத் தெரியும், சவப்பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஐயாவு அண்ணனைப் புண்படுத்தும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அவருக்குப் பின்னால் குமுதா நின்றிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.