நாற்பது றாத்தல் கொழுந்து

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கொட்டகலையில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள்: “நான் ஒரே நாள்ல நாப்பது றாத்தல் கொழுந்து எடுத்தது தப்பாப் போச்சுக்கா.”

“ஏன்டி? நீ எடுக்குற, புதுக் கன்னு நட்ட மலை நல்லாத்தானே வெளையுது?”

“அதான் வெனை. தோட்டத்துத் தொரை பார்த்துச் சிரிச்சிட்டுப் போனாரு. மறுநாள் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல, இனிமே எல்லாரும் நாப்பது எடுக்கணும், குறைஞ்சா அரைப் பேர், அரைநாள் சம்பளந்தான்னுட்டாங்க.”

“அட பாவிகளா! கை வேகமில்லாத வயசானவங்களுமா?”

“அவங்களுந்தான். மொத நாளே அரைப் பேர் விழுந்தது எங்கம்மாவுக்கு.”

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அம்மா என்னடி சொன்னாங்க?”

“நான் நிக்கிற பக்கமே வேணாம்னு கங்காணிகிட்டக் கேட்டு வேற நெரைக்குப் போயிட்டாங்க.”