கடைசி நாற்காலி

மாலை ஆறேகால் மணி. அருங்காட்சியகத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஆளற்ற சாலை. என் நண்பரின் மைத்துனர் தன் மகளோடு நடந்துகொண்டிருந்தார். அருங்காட்சியகத்தில் அவர் காவலர். மகளின் மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கக் காம்பு ஒடிந்து, நீல நூலால் கட்டியிருந்தது. இதை நினைவில் வையுங்கள்.

அருங்காட்சியக மாடியில் ஓர் ஓவியம். மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். அதைப் படம் எடுக்கக் கூடாது. மீறி எடுத்தால், வாசற்படி தாண்டுமுன் காவலர் அழிக்கச் செய்ய வேண்டும். பிறகு முகங்களை எண்ணிவிட்டுப் பூட்ட வேண்டும். இருபது வருடம்... ஒருவரையும் அவர் விட்டதில்லை.

அன்று பூட்டும் நேரத்தில் மகள் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. நீங்க ஜன்னலைப் பாருங்க."

"ஊரையே விரட்டுறேன். உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"காவக்காரர் பொண்ணுன்னா சும்மாவா?"

சிரித்துக்கொண்டே சன்னலைப் பார்த்தார். வேலியே பயிரை மேயும் என்பார்கள். இந்த வேலி கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். அன்று முகங்களையும் எண்ணவில்லை.

இப்போது சாலையில் அந்த ஓவியத்தின் பழைய வார்னிஷ் வாசனை. பின்னால் மூன்றாவதாக ஒரு காலடி... செருப்பில்லாத காலடி. திரும்பினார். யாருமில்லை.

"அந்தப் படத்தைக் காட்டும்மா."

கைபேசியில் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். கடைசி நாற்காலி காலி.

"அழி! உடனே அழி!"

அழித்தாள். திரை அணைந்தது. காலடியும் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. வாசற்படியைத் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டதை அவர் நினைக்கவில்லை.

பேருந்து வெளிச்சத்தில்தான் கவனித்தார்.

"கண்ணாடி எங்கம்மா?"

"வேணாம்பா. நல்லாத் தெரியுது."

அருகில் உட்கார்ந்தாள். வார்னிஷ் வாசனை குப்பென்று அடித்தது.

விடிந்ததும் மாடிக்கு ஓடினார். எண்ணினார். பதினொன்று. கடைசி நாற்காலியில் இருந்தவள் மூக்கில் கண்ணாடி... காம்பில் நீல நூல்.

இப்போது அவர் யாரையும் தடுப்பதில்லை. வருகிறவர்களிடம் மெல்லக் கெஞ்சுகிறார்: "ஒரு படம் எடுத்துட்டுப் போங்க சார். வெளியே போய் அழிச்சிடாதீங்க."

எடுத்துப் போகிறார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. போன வாரம் ஆறு பேர் மிச்சம். நேற்று நான்கு.

கடைசி நாற்காலியில் இருப்பவள் மட்டும் எழுந்திருப்பதில்லை.