நுரைக்குப் போர்த்திய பொன்னாடை

மார்கழிக் குளிர் முழுதாய் விலகாத இந்த மாலையிலும் மைதானம் நிறையக் கூடியிருக்கும் மனங்களே! தலைமை நாற்காலிக்குத் தனிப் பெருமை தந்திருக்கும் திருமுல்கேரித் தமிழ் மன்றத் தலைவர், பெரியவர் செல்லப்பா ஐயா அவர்களே! முதல் வரிசையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் மூத்தோர்களே! காலையிலிருந்து பொங்கல் கிண்டிக் கை சிவந்த தாய்மார்களே! தமிழில் கேட்டுத் தெலுங்கில் சிரிக்கப்போகும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தச் சக்ரபாணியின் பணிவான வணக்கம்!

சற்று முன் தலைவர் ஐயா என் தோளில் பொன்னாடை போர்த்தினார். "கரியமில வாயுவைப் பிடிக்கும் சோதனையில் கோளாறைக் கண்டுபிடித்தவர்" என்று புகழ்ந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய கைகளைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்!

பட்டான்செருவில் இருக்கிறது எங்கள் ஆலை. பேராலை அல்ல, வெள்ளோட்ட ஆலை. பைலட் பிளான்ட் என்பார்கள். கோடிகளைக் கொட்டிப் பெரிதாகக் கட்டுமுன், குட்டியாய் ஒன்றைக் கட்டி ஓட்டிப் பார்க்கும் இடம். மருந்துக்கு ஓட்டினோம், சாயத்துக்கு ஓட்டினோம், சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து எட்டில், கரியமில வாயுவுக்கு ஓட்டினோம். மூன்று மாடி உயரத்துக்கு ஒரு குழாய்க் கோபுரம். அடியில் பாய்லர் புகையை விடுவோம். மேலிருந்து ஒரு திரவம் இறங்கும். ஏறுகிற புகையிலுள்ள கரியமில வாயுவை இறங்குகிற திரவம் இழுத்துக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூறு பிடித்தால் வெற்றி!

என்ன தம்பி, சிரிக்கிறீர்கள்? ஹைடெக் சிட்டியா? நீங்களும் டெஸ்டிங் செய்கிறவர்தானே! உங்கள் டெஸ்டிங் தவறினால் கம்ப்யூட்டர் நிற்கும். எங்கள் டெஸ்டிங் தவறினால் கோபுரமே வாந்தி எடுக்கும். இருங்கள், அதற்குத்தான் வருகிறேன்.

அந்தத் திரவத்தை ஆக்கியவர் பத்மப்ரியா. நாகர்கோவில் பெண். மூன்று ஆண்டு உழைப்பு, முந்நூறு கலவை, முகம் சுளிக்காத முயற்சி! இதோ, மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆயுத பூஜை முடிந்த மறு வாரம் வெள்ளிக்கிழமை, பணம் போட்ட கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அன்றைக்குத் தொண்ணூறு வந்தால் திட்டம் உண்டு. வராவிட்டால் திட்டமும் இல்லை, ஆலையும் இல்லை, எங்கள் இருபத்திரண்டு பேருக்கு வேலையும் இல்லை.

திங்கட்கிழமை ஓட்டினோம். வந்தது நாற்பது! செவ்வாய்க்கிழமை ஓட்டினோம். வந்தது முப்பத்தைந்து! கோபுரத்தின் உச்சியில் திரவம் பொங்கி வழிகிறது. பொங்கலோ பொங்கல் என்றா கூவ முடியும்?

மேலாளர் ராமசுவாமி உதட்டைப் பிதுக்கினார். "உங்க கெமிக்கல் சரியில்லம்மா. ஃபெயில்னு எழுதிடலாம்" என்றார். பத்மப்ரியா என்னிடம் வந்து, "அண்ணே, நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்" என்று அழுதார். எங்கள் லேபில் சபீனா என்று ஒருவர், இந்த ஊரிலேயே பிறந்தவர். திரவத்தை ஒரு பாட்டிலில் பிடித்துக் குலுக்கினார். நுரை எழுந்தது. எழுந்த நுரை அடங்கவே இல்லை.

"சக்ரபாணி பாய், இது துணி துவைக்கிற நுரை மாதிரி இருக்கே. டாங்க்ல எதாச்சும் போட்டீங்களா?"

"சந்தேகமெல்லாம் நக்கோ, வேண்டாம் சபீனா" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

தாய்மார்களே! ஆயுத பூஜைக்கு முன் நீங்கள் என்ன செய்வீர்கள்? அரிவாள்மனையைக் கழுவுவீர்கள், தையல் மிஷினைத் துடைப்பீர்கள். நான் என்ன செய்தேன்? திரவம் நிரப்பும் டாங்கைக் கழுவினேன்! "வெறும் தண்ணீர் மட்டும்" என்று சுவரில் எழுதியிருக்கிறது. எழுதியது யார்? நானேதான்! ஆனாலும் பூஜை நாளில் டாங்க் மங்கலாக நிற்கலாமா? சோப்புத் தூளை அள்ளிப் போட்டேன். தேய்த்தேன். இரண்டு வாளித் தண்ணீரில் அலசினேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், பொரிகடலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சபீனா கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை? பயம்! இருபத்தாறு வருட சர்வீஸ், ஷிப்ட் இன்சார்ஜ் என்ற பெயர், அது போய்விடுமே என்ற பயம்! புதன்கிழமை மதியம் டப்பாவைத் திறந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை. எதிரே பத்மப்ரியா மேசையைக் காலி செய்கிறார். நோட்டு, பேனா, கடைசியில் ஒரு சின்னப் பிள்ளையார். அந்தப் பிள்ளையாரைக் கைக்குட்டையில் சுற்றினார் பாருங்கள், என்னால் தாங்க முடியவில்லை.

"வைம்மா கீழே! சோப்புப் போட்டது நான்!" என்று கத்தினேன். கேட்டில் நின்ற வாட்ச்மேனுக்கே கேட்டதாம்.

ராமசுவாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "யோவ், இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு நாள் மிச்சம்யா! போ, டாங்கைத் திற!" அவ்வளவுதான் திட்டு. போன உயிர் திரும்பி வந்தது ஐயா!

திரவத்தை வடித்தோம். வெந்நீரில் அலசினோம். ஒரு தடவையா, இரண்டு தடவையா? ஏழு தடவை! ஒவ்வொரு தடவையும் சபீனா பாட்டிலைக் குலுக்குவார், உதட்டைச் சுழிப்பார். ஏழாவது தடவை, "ஹவ், ஆமாம், இப்ப சரி" என்றார். புதுத் திரவம் ஊற்றி வியாழக்கிழமை ஓட்டத் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் மீட்டர் முன் நின்றார்கள். எண்பது, எண்பத்தாறு, எண்பத்தொன்பது... தொண்ணூற்றொன்று! அப்பாடா! அந்த ஒரு சொல்லை இருபத்திரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

வெள்ளோட்ட ஆலை எதற்கு? தவறு நடப்பதற்கு! சின்னதாய் நடப்பதற்கு! சீக்கிரம் நடப்பதற்கு! ஆனால் நடந்த தவறை நடந்ததென்று சொல்ல நாக்கு எழாவிட்டால், அந்த ஆலை எதற்கு? அந்தக் கோபுரம் எதற்கு? ஷிப்ட் இன்சார்ஜ் என்று நான்தான் எதற்கு?

இறுதி அறிக்கையில் பத்மப்ரியா எழுதினார்: "கோளாறு, டாங்கில் சோப்பு. கண்டறிந்து சொன்னவர், சக்ரபாணி." போட்டவர் யார் என்ற வரியே இல்லை! வேண்டுமென்றே விட்டுவிட்டார். அந்த அறிக்கையை நம்பித்தான் தலைவர் ஐயா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். விட்டுப்போன வரியை இந்த மேடையில் நான் சேர்க்கிறேன்: போட்டவரும் சக்ரபாணிதான்!

பத்மப்ரியா, மேலே வாம்மா. வரமாட்டாயா? சரி, நானே இறங்கி வருகிறேன். ஐயா, மன்னிக்க வேண்டும், உங்கள் பொன்னாடை தோள் மாறப்போகிறது. பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பொங்கல் படைத்த தாய்மார்க்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம். மடியில் வைத்த கைகளை இப்போது எடுங்கள். இந்தப் பெண்ணுக்காகத் தட்டுங்கள்!