தேவகனிக்கு வாசித்துக் காட்டியது

காப்பியில் சீனி கம்மியாகத்தான் போட்டிருக்கிறேன், சிஜின். உன் அம்மாவுக்குக் கூடினால் பிடிக்காது, உனக்கு எப்படி என்று தெரியவில்லை. குடி மக்கா, ஆறிப்போகும். அன்றைக்குக் கண் டாக்டர் என்ன சொன்னார், நான் அவளிடம் என்ன சொன்னேன் என்றுதானே கேட்கிறாய். சொல்லுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

நீ தோஹாவில் வேலை பார்க்கிறாய், லீவுக்குத்தான் வருகிறாய். இங்கே ராஜாக்கமங்கலத்தில் நானும் உன் அம்மா தேவகனியும் அடுத்தடுத்த வீடு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயுசெல்லாம் 'லைன் பிசி' என்று மட்டும் சொல்லித் தேய்ந்த தொண்டைக்கு அதன்பிறகுதான் நல்ல வேலை கிடைத்தது. மதியச் சாப்பாடு கழிந்ததும் நான் கதை வாசிப்பேன், அவள் கேட்பாள்.

எங்களுக்கு ஒரே ரகம்தான். நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி நாவல் எழுதின பெண்கள் இருந்தார்களே, அவர்கள் சாயலில் இப்போதுள்ளவர்கள் எழுதுகிற சரித்திரக் கதைகள். பெரிய வீடு, ஓயாத மழை, ஒரு உயில், ஆசையை வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெண். கடைசியாக எடுத்தது ஒரு மிஷன் பங்களாப் பெண்ணின் கதை. பங்களாவின் வெள்ளைக்கார மதாம்மாவுக்குத் தெரிய லேஸ் பின்னுவாள், தெரியாமல் நாவல் எழுதி அண்ணன் பேரில் அச்சுக்கு அனுப்புவாள்.

நான் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறவள் இல்லை. புத்தகத்தில் தூறல் விழுந்தால் என் வாயில் பழையாறு கரை உடையும். ஒரு குதிரை வந்தால் நான் லாயத்தையே அவிழ்த்து விடுவேன். மதாம்மாவுக்கு மீசை முளைக்க வைத்த அன்றைக்கு உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்கமாட்டாய்.

பிறகு அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் முன்கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி தாணம்மா, அந்த அண்ணன்காரன் காய்ச்சல்ல கிடக்கான். நீ அவனைக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டியே" என்றாள். மீன் கொண்டுவருகிற முத்துக்கனியிடமும் சொன்னாள். 'அப்போ இந்தம்மா வாசிக்கது பூரா புளுகாக்கும்' என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் நான் வாசிக்கும்போது தேவகனி பக்கத்தில் வந்து உட்கார்ந்து வரியில் விரல் வைத்துக்கொண்டே வருவாள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் பார்வை ஓரமெல்லாம் மங்குகிறது என்றாள். நாகர்கோவிலுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் மருந்து விட்டு அவளை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கூட வந்தது யார் என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் பொறுமையாகவே சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, சொட்டு மருந்தை ஒருநாளும் விடக்கூடாது, விட்டால் போகிற பார்வை திரும்பாது. அவளையும் கூப்பிடட்டுமா என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

மருந்துக்கடையைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டு. தாண்டினோம்.

"என்னட்டி சொன்னாரு?"

"பயப்பட ஒண்ணுமில்ல. இனி வாசிக்கப்பிடாதாம். குளிர்ச்சிக்கு ஏதாவது வச்சா போதுமாம்."

"அப்போ கதை?"

"நான் எதுக்கு இருக்கேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் வீட்டு முற்றத்தில் நந்தியாவட்டை நிற்கிறது. கண்ணுக்கு நல்லது என்று நம் ஊரில் எல்லாரும் வைக்கிறதுதானே. தினமும் பறித்து, அவளைப் படுக்கவைத்து, மூடின கண்ணில் இரண்டிரண்டு பூவாக வைப்பேன். பிறகு வாசிப்பேன். யாருடைய விரலும் குறுக்கே வராது.

நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். ஆலயத்தில் பக்கத்தில் இருந்தவளைத் தெரியாமல் போனது. திரும்ப டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். நாள் எடுக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார் என்றேன். போனில் உன்னிடம், 'தாணம்மா பூ வைக்கா, கொள்ளாம், நல்லாருக்கு' என்று சொன்னாளே. நீயும் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, ரொம்ப தேங்க்ஸ் ஆன்டி என்றாய்.

ஒருநாள் பூவை எடுத்த பிறகு அவளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து, வெறுங்கையைப் புத்தகம்போல விரித்து வைத்துக்கொண்டு வாசித்தேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். இடது கண் போனது எனக்கு அப்படித்தான் தெரியும். அன்றைக்கு அத்தியாயம் ரொம்ப நன்றாக வந்தது.

புத்தகம் போன மழைக்காலத்திலேயே முடிந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. தாள் சத்தம் கேட்பதற்காக ஒரு பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொள்வேன். அந்தப் பெண் இப்போது சீமைக்குப் போய் மகாராணிக்கு எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதினவளுக்கே தோன்றியிருக்காது.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். போலீஸிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல், இதையேதான் அங்கேயும் சொல்வேன். ஆனால் அவளுக்குக் கெடுதல் நினைத்ததில்லை, மக்கா. மதியமெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மிச்சக் கண்ணுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் என்றாயே. கொஞ்ச நாள் கட்டுப் போட்டு வைப்பார்கள். உனக்கும் லீவு முடியப்போகிறது. அவளுக்குப் பொழுது போகவேண்டாமா, நான் வந்து பக்கத்தில் இருக்கட்டுமா?