மூன்று லேப், ஒரு கையெழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரித் தலைவர் டாக்டர் பிரிங்கிள் அவர்களே! துணைவி வெர்னாவை இழந்து நிற்கும் ஆர்லிஸ் காடில் அவர்களே! நாற்காலி கிடைக்காமல் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நிற்கும் மாணவ மணிகளே! இன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, கென்டக்கியின் எந்தெந்த மலை இடுக்குகளிலிருந்தோ வண்டியோட்டி வந்திருக்கும் டாக்டர்களே, மருந்தாளுநர்களே, பல் மருத்துவர்களே, கால்நடை மருத்துவர்களே! வேதியியல் துறை எல்வுட் சைஸ்மோரின் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் வகுப்பையே நேரத்துக்கு முடித்தவன் இல்லை என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். இருந்தாலும் இன்றைக்கு நான் ஒரு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அது சொல்லப்பட வேண்டிய ஆள் இதே மண்டபத்தில் இருக்கிறார். சொல்லாமல் இந்த ஒலிபெருக்கியை விடமாட்டேன். விளக்கை அணைத்தாலும் விடமாட்டேன்!

யார் இந்த வெர்னா காடில்? அவர் அறைக் கதவில் எழுதியிருக்கிற பதவி, 'மருத்துவத் தொழிற்படிப்பு ஆலோசகர்'. அது என்ன வேலை? டாக்டராக வேண்டும், பல் டாக்டராக வேண்டும் என்று வருகிற பிள்ளை, இங்கே நான்கு வருஷத்தில் எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் படிக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது. அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்று நானும் இருபத்தாறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அட, பாடப் பட்டியலை வரிசையாக எழுதத் தெரியாதவன் யார்?

யாருக்கும் தெரியாது, நண்பர்களே! உயிர்வேதியியல் நம் கல்லூரியில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நடக்கும். அதைப் படிக்க முதலில் கரிம வேதியியல் முடித்திருக்க வேண்டும். அதற்குப் பொது வேதியியல் முடித்திருக்க வேண்டும். ஒரு பல் மருத்துவப் பள்ளி, வீட்டுக் கணினியில் செய்த இயற்பியல் லேப் செல்லாது என்று சொல்லும். ஒரு மருந்தியல் பள்ளி, புள்ளியியல் எங்கே என்று கேட்கும். ஐந்து வருஷத்துக்கு முன் படித்த உடற்கூறியலை எடுத்துக்கொண்டு போனால், பழசு, மறுபடி படி என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. ஒரு கண்ணி தவறினால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் போனால், படிப்பே போச்சு! வேலைக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை. இது வெர்னாவுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் அவர் திட்டத்தைக் கடைசியிலிருந்து எழுதுவார். புதுசாக வந்து நிற்கிற பிள்ளையிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி என்ன? "கண்ணு, எந்த வருஷம், எந்த மாசம் அப்ளை பண்ணப்போற? அத மட்டும் சொல்லு." அந்த மாசத்தை அடியில் எழுதிவிட்டு, படிப்படியாக மேலே ஏறி இன்றைய தேதிக்கு வருவார். எல்லாம் பென்சிலில். "ஏன் மிஸ் வெர்னா, பேனா இல்லையா?" என்று கேட்டால், "உங்கப்பாவுக்கு வேலை போகும், உனக்கு ஜுரம் வரும், ஒரு பையன் மேல ஆசை வரும். எல்லாத்துக்கும் இடம் வேணாமா?" என்பார்.

அவர் அறைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பார்த்திருப்பீர்கள். 'ஒரு செமஸ்டருக்கு இரண்டு லேப். மூணாவது கேக்கிறவங்க வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வாங்க.'

அந்த அறிவிப்பை நான் கிண்டல் செய்தேன். பேராசிரியர்கள் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் செய்தேன். "பெரிய பல்கலைக்கழகத்துல பசங்க மூணு லேப், நாலு லேப்னு போட்டுத் தாக்குறாங்க. நீ நம்ம பசங்கள மட்டும் பஞ்சுல பொத்தி வைக்கிற" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்தப் பசங்க லேப் முடிச்சு ரூமுக்குப் போறாங்க எல்வுட். நம்ம பசங்க லேப் முடிச்சு வேலைக்குப் போறாங்க" என்று சொல்லிவிட்டு பீன்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதைக் கேட்டு நான் ஒத்துக்கொள்வேனா? அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் வெர்னாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. நவம்பரில் இடது கால், பிப்ரவரியில் வலது கால். மே மாதம் வரை விடுப்பு. அவர் நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள்? இந்த மேதாவியைத்தான்!

மறுவாரமே ஒரு பெண் வந்தாள். பெயர் டெஸ்ஸா ஸ்டேசி. இரண்டாம் வருஷம். சாயங்காலங்களில் பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் வேலை. பல் டாக்டராக வேண்டும் என்று வெர்னா பென்சிலில் போட்ட திட்டத்தைக் கையில் வைத்திருந்தாள். "சார், எங்க பக்கம் முப்பது வயசுல பல்லில்லாதவங்க இருக்காங்க. எனக்கு சீக்கிரம் முடிக்கணும். அடுத்த செமஸ்டர்லயே ஆர்கானிக், ஃபிசிக்ஸ், அனாட்டமி மூணையும் எடுத்துக்கட்டுமா?"

மூன்றுக்கும் லேப் உண்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சபாஷ்! இப்படி ஒரு பொண்ணு வரணும்னுதான் காத்துட்டு இருந்தேன்" என்றேன். வெர்னாவின் பென்சில் வரிகளை ரப்பரால் அழித்தேன். என் மை பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கதவில் அந்த அறிவிப்பு ஒட்டித்தான் இருந்தது. எனக்கும் வெர்னாவுக்கும் நடந்த சண்டையில் ஜெயிக்க அந்தப் பெண்ணைப் பகடைக்காய் ஆக்கினேன். அதுதான் உண்மை.

மே மாதம் மதிப்பெண் வந்தது. இயற்பியலும் உடற்கூறியலும் எப்படியோ கரையேறின. என் பாடமான கரிம வேதியியலில் 'டி' கிரேடு. டி வாங்கினால் எந்தப் பல் மருத்துவப் பள்ளியும் அந்தப் பாடத்தை ஏற்காது. டெஸ்ஸா என் அறைக்கு வந்து, "எனக்கு மண்டையில ஏறல சார்" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "ஆர்கானிக் எல்லாருக்கும் வராதும்மா. வேற ஏதாவது பாரு."

அவளும் வேறு பார்த்தாள். படிப்பை விட்டுவிட்டு அதே பெட்ரோல் பங்க்கில் முழுநேர வேலைக்குப் போய்விட்டாள்.

வெர்னா திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் லேப் வாசலில் நின்றார். கையில் அந்தத் தாள்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான். அவ கேட்டா, போட்டேன்."

"கேட்டாளா? பசிக்குதுன்னு கேட்டா பாறாங்கல்லத் தின்னக் குடுப்பியாய்யா? வாரத்துக்கு முப்பது மணி நேரம் வேலை செய்யிற பொண்ணு எல்வுட்! நீ அத விசாரிச்சியா?"

நான் விசாரிக்கவில்லை. எந்தப் பிள்ளை எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது என்பதை நான் அதுவரை யாரிடமும் விசாரித்ததில்லை.

"வண்டிய எடு. என்னால ஓட்ட முடியாது" என்றார்.

ஓட்டிக்கொண்டு போனேன். பெட்ரோல் பங்க்கில் வெர்னா நேராகக் கல்லாவுக்குப் போனார். நான் காப்பி இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, கோப்பைக்கு மூடி தேடுகிறவன் போல நின்றேன். ஆறடி இரண்டு அங்குல ஆள் காப்பி இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"மிஸ் வெர்னா, எனக்கு அது வராது. சாரே சொல்லிட்டாரு."

"அவர் சொல்றத அப்புறம் பாத்துக்கலாம். எந்த மாசம் அப்ளை பண்ணப்போற?"

"நான் டி வாங்கினவ மிஸ் வெர்னா."

"நான் அதக் கேக்கல. எந்த மாசம்?"

பின்னால் வரிசை நீண்டது. ஒரு லாரி டிரைவர், "அம்மா, டீசல் போட்டது பதினோரு நிமிஷம், காசு கட்ட அரை மணி நேரமா?" என்று சத்தம் போட்டார். வெர்னா திரும்பி, "உங்க பல்லு எத்தன மிச்சம்ணே?" என்று கேட்டார். அவர் வாயை மூடிக்கொண்டார். ஏழு நிமிடத்தில் புதுத் திட்டம் தயார். ஜனவரியில் கரிம வேதியியல் மறுபடி, அதோடு ஒரே ஒரு லேப். உயிர்வேதியியல் அதற்கடுத்த வருஷம். அதற்குப் பின் வரும் ஜூன் மாதம் விண்ணப்பம்.

திரும்பும் வழியில் கேட்டேன். "ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல? தப்பு அவளோடது இல்ல, என்னோடதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"குடுத்தா உன் வகுப்புக்குத் திரும்ப வருவாளா? இந்த ஊர்ல ஆர்கானிக் நடத்துறது நீ ஒருத்தன்தானே. அவளுக்கு சீட் வரட்டும். வந்த மறுநாள் நீயே சொல்லிடு."

"சொல்றேன்" என்றேன். வாக்குக் கொடுத்தேன்.

டெஸ்ஸா வந்தாள். பி பிளஸ் வாங்கினாள். நான் இரக்கப்பட்டு மதிப்பெண் போடுகிற ஆள் இல்லை, என்னிடம் படித்தவர்கள் இங்கே சாட்சி. பிறகு விண்ணப்பக் காலம். மாணவர் ஒவ்வொருவருக்கும் நம் கல்லூரிக் குழு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதும், உங்களுக்குத் தெரியும். குழுவுக்கு நான் தலைவன். அந்த டி எப்படி வந்தது என்று கடிதத்தில் எழுதச் சொன்னார் வெர்னா. முடியாது என்றேன். என் பெயர் என்ன ஆவது? அவர் சண்டை போடவில்லை. மறுநாள் என் லேப் வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, சோளரொட்டி சாப்பிட்டார். மறுநாளும் வந்தார். ஒன்பது நாள்! மாணவர்கள் அவர் காலைத் தாண்டித் தாண்டி லேப்புக்குள் போனார்கள். பத்தாம் நாள் எழுதினேன். 'இந்த டி மாணவியின் திறமைக் குறைவால் வந்ததல்ல. ஆலோசகர் இடத்தில் இருந்த நான் தவறாகப் போட்ட கையெழுத்தால் வந்தது.' அப்படியே எழுதினேன்.

ஆனால் அந்தக் கடிதத்தை டெஸ்ஸா படித்ததில்லை. படிக்கவும் முடியாது. விண்ணப்பிக்கும்போதே, 'என்னைப் பற்றிய கடிதத்தைப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாம்' என்று எல்லா மாணவர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அப்போதுதான் பள்ளிகள் கடிதத்தை நம்பும். அந்த வழக்கம் எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று, பாருங்கள்! கடிதம் படிக்கிற, ஊர் பேர் தெரியாத ஐந்து பள்ளிக்காரர்களிடம் குற்றத்தை ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ள வேண்டிய ஒருத்தியிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

சீட் வந்தது. மறுநாளும் வந்தது. நான் சொல்லவில்லை. டெஸ்ஸா பட்டம் வாங்கி, ஊருக்கே திரும்பி, நான்கு வருஷமாக இந்த மாவட்டத்தின் ஒரே பல் மருத்துவராக இருக்கிறார். அப்போதும் சொல்லவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்கள் முன்னால் வந்து நின்று, "நான் ஆர்கானிக்ல டி வாங்கின மக்கு. மிஸ் வெர்னா பாவம் பாத்துத் தூக்கிவிட்டாங்க" என்று அவர் பேசுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டுவேன். இந்தக் கைகளால்!

போன செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் வெர்னாவைப் பார்த்தேன். அவருக்குப் பேசவே மூச்சு வாங்கியது. நலம் விசாரிக்க வாயெடுத்தேன். அவர் என்னைக் கேட்டார். "சொல்லிட்டியா?"

"இந்த செமஸ்டர் முடியட்டும் வெர்னா."

சிரித்தார். "உனக்கு என்ன, மூணு லேப்பா இருக்கு?"

வியாழக்கிழமை போய்விட்டார்.

நேற்று தலைவர் பிரிங்கிள் என்னிடம் ஒன்று சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் வெர்னாவின் இடத்தில் உட்கார முடியுமா என்று டாக்டர் டெஸ்ஸா ஸ்டேசியைக் கேட்டாராம். அவர் மறுத்துவிட்டாராம். "டி வாங்கினவ நான். பிள்ளைங்க திட்டத்துல எந்த முகத்தோட கையெழுத்துப் போடுவேன்?" என்றாராம். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

டாக்டர் ஸ்டேசி! மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள். குனிய வேண்டாம், என்னைப் பாருங்கள். கடிதத்தின் ரகசியத்தை மீறுகிறேன், கல்லூரி என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும். டெஸ்ஸா, அந்த டி உன்னுடையது அல்ல! அது என்னுடையது. பதினோரு வருஷம் அதை உன்னைச் சுமக்க விட்டுவிட்டு நான் வேடிக்கை பார்த்தேன். வெர்னா உன் மேல் பாவப்பட்டுத் தூக்கிவிடவில்லை. உன்னால் முடியும் என்று அவருக்கு முதல் நாளே தெரியும். நான் கெடுத்ததை அவர் சரிசெய்தார், அவ்வளவுதான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். கோபப்படு. கோபத்தோடு வேண்டுமானாலும் வா, ஆனால் வா!

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நிற்கிறார்களே, அவர்கள் முப்பத்தொரு பேர். ஒவ்வொருவர் திட்டமும் பாதியில் நிற்கிறது. பதிவு திங்கட்கிழமை தொடங்குகிறது. வெர்னா காடில் தொடங்கிய ஒரு திட்டத்தைக்கூட இந்தக் கல்லூரி பாதியில் விடாது. இதை அவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. கோப்பு தூக்குகிறேன், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறேன், ஒவ்வொருவரிடமும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று விசாரித்து எழுதி வைக்கிறேன். என் குழந்தைகளே, நீங்கள் ஒருவர்கூட வழி தவறப்போவதில்லை. பயப்படாதீர்கள்!

டெஸ்ஸா, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த அறைக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். நீ வராவிட்டால் அந்த நாற்காலியில் நான்தான் உட்கார வேண்டியிருக்கும். நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று இப்போது இந்த ஊருக்கே தெரியும்.